திருகாணி விழுங்கிய தூசிக் குஞ்சு

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சும்மா பல்லைக் காட்டுகிற சிரிப்பு இல்லை. கட்டில் சட்டத்தில் தலை இடித்தும் நிற்காத சிரிப்பு. ஆனால் அது இப்போது கிடைக்காது. கட்டிலுக்கு அடியில், சுவரோரமாக, கை எட்டாத இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறேன். குனிந்தபடியே கூட வாருங்கள். முதுகு வலித்தால் நான் பொறுப்பில்லை.

அந்தக் காலத்தில், வீட்டுக்குள் இருந்த எல்லாவற்றுக்கும் வாய் இருந்தது. ஆட்டுக்கல் முனகும். பானை பக்கத்துப் பானையைப் பற்றிப் புறணி பேசும். கதவு திறக்கும்போது ஒரு பேச்சு, சாத்தும்போது ஒரு பேச்சு. வாய் இருந்தும் பேசக் கொடுத்து வைக்காத ஒன்று அந்த வீட்டில் உண்டென்றால் அது தூசிதான். "அது வந்து..." என்று ஆரம்பிப்பதற்குள் வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

அப்போது தூசிக்கு உருண்டை வடிவமே கிடையாது. தட்டையாகக் கிடக்கும். உதிர்ந்த முடியும் பிரிந்த நூலும் பஞ்சும் ஒன்றையொன்று தேடிப்பிடித்து, கட்டிக்கொண்டு, சுருண்டு ஓர் உருண்டையாக வேண்டுமென்றால் ஒரு ராத்திரி முழுக்க யாரும் தொடக் கூடாது. அதற்குத்தான் வழியில்லை. காலையில் பெருக்குவார்கள். மத்தியானம் பெருக்குவார்கள். விளக்கு வைத்த பிறகு, பாய் விரிப்பதற்கு முன்னால், இன்னொரு தடவை பெருக்குவார்கள். தரையில் கிடந்து ராத்திரியைக் கண்ணால் கண்ட தூசி உலகத்திலேயே இல்லை.

அதிலும் அங்காத்தாள் வீட்டுத் தூசியின் நிலைமை ரொம்ப மோசம். அங்காத்தாள் பெருக்கிய தரையில் எறும்பு வழுக்கி விழும். அவ்வளவு வெறியோடு அவள் பெருக்கியதற்குக் காரணம் அவளுடைய மாமியார் நல்லக்காள். மருமகள் பெருக்கி முடித்ததும் நல்லக்காள் வருவாள். ஒரு விரலால் தரையைத் தடவுவாள். விரலை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள். விரலில் ஒன்றும் இருக்காது. "ம்" என்பாள்.

அவ்வளவுதான், ஒரே ஒரு 'ம்'. அதற்கு, ஒன்றும் இல்லைதான், ஆனாலும் எங்கேயோ இருக்கும் என்று அர்த்தம். அதைக் கேட்டதும் அங்காத்தாளுக்குச் சுருக்கென்று ஏறும். அடுத்த தடவை இன்னும் அழுத்திப் பெருக்குவாள். மாமியாரும் இன்னும் அழுத்தித் தடவுவாள். இரண்டு பேருக்கும் நடுவில் தேய்ந்து கொண்டிருந்தது தரைதான்.

ஒருத்திக்கு மகனும் இன்னொருத்திக்குப் புருஷனுமான ராக்கியண்ணன் எந்நேரமும் வாசலில் உட்கார்ந்து கயிறு திரித்துக் கொண்டிருப்பான். உள்ளே என்ன நடந்தாலும் அவனிடமிருந்து வருவது ஒரே பேச்சு: "எனக்கு ஒன்னுந் தெரியாது."

அந்த வீட்டில் ஒரு கயிற்றுக் கட்டில் இருந்தது. அதன் பின்கால் இடுக்கில், துடைப்பத்தின் நுனி எட்டாத இடமாகப் பார்த்து, சுருளக்கூட இடமில்லாமல், ஒரு தூசியம்மாள் ஒட்டிக்கொண்டிருந்தாள். பெயர் பம்மக்கா. பாவம், அவளுக்குப் பிள்ளைகள் தங்கவில்லை. மூத்தது காலைப் பெருக்கலில் போயிற்று. அடுத்தது ராக்கியண்ணன் போட்ட ஒரே தும்மலில் பறந்து போயிற்று. ஒன்றைப் பூனை, எலி என்று நினைத்து அடித்துவிட்டு, பிறகு ரொம்ப நேரம் துப்பிக்கொண்டிருந்தது.

இப்போது ஒரே ஒரு குஞ்சு மிச்சம். வேப்பம்பழம் அளவு இருக்கும். இன்னும் சரியாகச் சுருளவில்லை. ஒரு பக்கம் முடி துருத்திக்கொண்டு, இன்னொரு பக்கம் பஞ்சு பிதுங்கிக்கொண்டு, தூங்கி எழுந்த தலை மாதிரி இருந்தது. அன்றைக்கு மத்தியானம் யாரோ மோர் கேட்டு வாசலில் வந்து நிற்க, அங்காத்தாள் கட்டிலுக்கு அடியில் அரைகுறையாகப் பெருக்கிவிட்டு ஓடியதால் பிழைத்தது.

இந்த ராத்திரியைத் தாண்டிவிட்டால் போதும். விடியும்போது எலுமிச்சை அளவு ஆகிவிடும். தானாக உருளும். உருளத் தெரிந்த தூசியைத் துடைப்பத்தால் பிடிக்க முடியாது. துடைப்பம் கிளப்புகிற காற்றே அதை அந்தப் பக்கம் தள்ளிவிட்டுக் காப்பாற்றும். ஆனால் ராத்திரிக்கு முன்னால் விளக்கு வைத்த பெருக்கல் ஒன்று காத்துக் கொண்டிருந்தது.

கதவு மூலையில் துடைப்பம் சாய்ந்து நின்றது. பம்மக்கா அதனிடம் கெஞ்சிப் பார்த்தாள். அவளுடைய சொந்தக் குரல் எறும்பு இருமுகிற அளவுதான் கேட்கும். ஆனால் துடைப்பத்துக்குக் காது தரையில்தானே?

"அக்கா, இன்னிக்கு ஒரு பொழுது கட்டிலுக்கு அடியில வராம இரேன்."

"நான் எங்கடி வர்றேன்? அவ இழுக்கறா, நான் போறேன். எனக்குன்னு காலா இருக்குது?"

"கொஞ்சம் வளைஞ்சு கொடுத்தா என்ன?"

"வளைஞ்சு கொடுத்துக் கொடுத்துத்தான் எம் முடியெல்லாம் கொட்டிப் போச்சு. நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப எப்படி இருந்தேன் தெரியுமா? இடுப்புக்குக் கீழ தளதளன்னு..."

"கொட்டின முடி எங்க போச்சுன்னு தெரியுமாக்கா? இதா, எங்குஞ்சோட முதுகுல பாரு. ஒரு துரும்பு. உன்னுதுதான்."

துடைப்பம் கொஞ்சம் சாய்ந்து எட்டிப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது.

"என்னாட்டமே விறைப்பா நிக்குதே" என்றது. குரல் இளகிவிட்டது. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி சரி, நான் ஒன்னும் பார்க்கலை. ஆனா அவ கையை என்னால நிறுத்த முடியாது. அதுக்கு நீதான் வழி பண்ணணும்."

பம்மக்கா என்ன வழி பண்ணுவாள்? தட்டைத் தூசி. தூக்கி எறிந்தால் விழக்கூடத் தெரியாது, மிதக்கும். அவள் கவலையோடு குஞ்சைத் தடவிக் கொடுத்தாள். அதன் தலையில் துருத்திக் கொண்டிருந்த ராக்கியண்ணனின் மீசை முடி ஒன்று அப்போது அசைந்தது. உடனே மாட்டு வண்டி மணலில் இறங்கின மாதிரி ஒரு குரல்:

"அங்காத்தா! ஒரு சொம்பு தண்ணி கொண்டா!"

சத்தியமாக ராக்கியண்ணன் குரல். பேசியது குஞ்சு! அடுப்படியிலிருந்து அங்காத்தாள் சொம்போடு வாசலுக்குப் போனாள். "நான் கேட்கலையே" என்றான் ராக்கியண்ணன். இருந்தாலும் வந்த தண்ணீரை எதற்கு விட வேண்டும் என்று வாங்கிக் குடித்தான்.

பம்மக்காவுக்குப் புரிந்து விட்டது. தூசிக்கு என்று தனியாக உடம்பு ஏது? வீட்டில் இருக்கிறவர்கள் எல்லோரும் உதிர்ந்து உதிர்ந்து சேர்ந்ததுதானே தூசி! எந்த முடியை அசைக்கிறோமோ அந்த ஆளின் குரல் வருகிறது. அவள் குஞ்சின் உடம்பைத் தேடிப் பார்த்தாள். நல்லக்காளின் நரைமுடி இருந்தது. அங்காத்தாளின் நீளமான கருமுடி இருந்தது. பூனை முடிகூட இருந்தது; அதை அவள் தொடவில்லை, நிஜப் பூனை சண்டைக்கு வந்து வம்பாகிவிடும்.

பொழுது சாய்ந்தது. அங்காத்தாள் மாடத்தில் விளக்கை வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். துடைப்பத்தை எடுத்தாள். சரக், சரக், சரக். நடு வீடு முடிந்தது. மூலை முடிந்தது. கட்டில் பக்கமாக வந்து குனிந்தாள்.

பம்மக்கா மீசை முடியை அசைத்தாள்.

"அங்காத்தா! மாடு அவுத்துக்கிட்டுப் போகுது!"

அங்காத்தாள் துடைப்பத்தோடு கொல்லைக்கு ஓடினாள். மாடு கட்டியபடியே படுத்து அசைபோட்டுக் கொண்டிருந்தது. துடைப்பத்தோடு ஓடி வந்தவளைப் பார்த்து, "என்னைய எதுக்குக் கூட்ட வர்றே?" என்று அது கேட்டது.

அவள் வாசலுக்கு வந்தாள். "ஏனுங்க, மாடு போகுதுன்னு கத்துனீங்களா?"

"எனக்கு ஒன்னுந் தெரியாது."

"இப்பத்தானுங்க கூப்பிட்டீங்க!"

"நான் கூப்பிட்டா எனக்குக் கேட்காதா?" என்றான் ராக்கியண்ணன். அவள் திரும்பி வந்து மறுபடி குனிந்தாள். துடைப்பத்தின் நுனி குஞ்சுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்துவிட்டது. குஞ்சு கண்ணை மூடிக்கொண்டது. துடைப்பமும் கண்ணை மூடிக்கொண்டது.

பம்மக்கா பதறிப்போய் நரைமுடியைப் பிடித்து உலுக்கினாள். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டின மாதிரி நல்லக்காளின் குரல் எழுந்தது:

"ஐயையோ! எம் மூக்குத்தித் திருகாணி உழுந்து போச்சு! அசையாதீங்க! யாரும் அசையப்படாது! சீமாத்தைக் கீழ போடு!"

திருகாணி விழுந்தால் ஒரு வீடு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அங்காத்தாள் சீமாற்றை, அதாவது துடைப்பத்தை, கீழே போட்டுவிட்டு ஒரு காலைத் தூக்கினபடி அப்படியே நின்றாள். வாசலில் ராக்கியண்ணனின் கையில் கயிறு பாதி முறுக்கில் நின்றது.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், பின்வாசலில் வெற்றிலை இடித்துக் கொண்டிருந்த நல்லக்காளுக்கும் அது கேட்டது. 'இது என் குரலாச்சே' என்று நினைத்தாள். 'நான் எப்பப் பேசினேன்? பேசியிருப்பேன். நான் சொன்னா அது பொய்யாவா இருக்கும்?' எழுந்து உள்ளே வந்தாள். மருமகள் ஒற்றைக்காலில் நிற்பதைப் பார்த்ததும் விஷயம் உறுதியாகிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்தாள். மூக்குக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். திருகாணி கெட்டியாகத்தான் இருந்தது. இருக்கிறதா, இல்லையா, இருக்கிற மாதிரி இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள். இன்னொரு திருப்பு. இன்னும் ஒரு திருப்பு.

விழுந்தே விட்டது.

கட்டில் கயிற்றின் சந்து வழியாக நேரே கீழே போய், வாயைப் பிளந்து மேலே பார்த்துக் கொண்டிருந்த குஞ்சின் வாய்க்குள் விழுந்தது.

"அம்மா, நான் எதையோ முழுங்கிட்டேன்" என்றது குஞ்சு.

பம்மக்கா குஞ்சை இழுத்து அணைத்துக்கொண்டாள். பெருக்க வந்தவளை நிறுத்தப் போட்ட பொய், நிஜமாகிவிட்டது. துடைப்பமாவது ஒரே இழுப்பு. திருகாணி தேடுகிறவர்கள் அப்படி விடுவார்களா? விளக்கைக் கொண்டு வருவார்கள். ஒவ்வொரு நூலாகப் பிரித்துப் பார்ப்பார்கள். குஞ்சின் வயிற்றையே கிழித்துப் பார்ப்பார்கள்.

அதேபோல அங்காத்தாள் மாடத்து விளக்கை எடுத்தாள். மண்டியிட்டாள். விளக்கைத் தரையோடு தரையாகப் பிடித்துக் கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்தாள். வெளிச்சம் மெதுவாக ஊர்ந்து ஊர்ந்து குஞ்சை நோக்கி வந்தது. மேலே, கட்டிலில், நல்லக்காள்.

இனி என்ன பொய் சொல்வது? மாடு முடிந்தது. திருகாணி முடிந்தது. பம்மக்காவிடம் பொய்யே மிச்சம் இல்லை. நரைமுடியை இரண்டு கையாலும் மெல்லப் பிடித்தாள். இந்தத் தடவை உலுக்கவில்லை. தடவினாள். கட்டிலுக்கு மேலே இருப்பவள் பேசினாலும் கீழே இருப்பவள் பேசினாலும் கயிற்றுக் கட்டிலில் ஒரே மாதிரிதான் கேட்கும்.

"அங்காத்தா, வெளக்கு வெச்சதுக்கு அப்புறம் திருகாணியும் தேட வேண்டாம், சீமாத்தையும் தொட வேண்டாம். இருட்டுல கூட்டினா அது குப்பையோட போயிரும். விடிஞ்சு பார்த்துக்கலாம். இந்த ஊர்ல உன்னாட்டம் வீடு கூட்டறவ யாரு இருக்கறா? பொழுதினிக்கும் குனிஞ்ச இடுப்பு. போயி சித்தெ ஒக்காரு கண்ணு."

கண்ணு!

கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அங்காத்தாள் அந்தக் குரலில் 'ம்' தவிர வேறு நல்ல வார்த்தை கேட்டதில்லை. 'ம்' நல்ல வார்த்தையும் இல்லை. கையிலிருந்த விளக்கு சாய்ந்தது. எண்ணெய் தளும்பியது. விளக்கு அணைந்து விட்டது. இருட்டில் எழுந்து, விளக்கைப் பற்றவைத்து வருகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரே புகை" என்று பானையிடம் சொன்னாள். அடுப்பில் தீயே இல்லை என்று பானைக்குத் தெரியும். இருந்தும், வாழ்நாளில் முதல் தடவையாக, அது வாயை மூடிக்கொண்டது.

கட்டிலில் நல்லக்காள் திகைத்துப் போய் உட்கார்ந்திருந்தாள். 'மறுபடியும் நான் பேசிட்டேன். இதெல்லாமா சொன்னேன்?' என்று யோசித்தாள். 'சொன்னா என்ன, நெசந்தானே? எத்தனை நாளா நெனச்சுக்கிட்டிருந்தது. வாய்தான் வந்து தொலையலை.'

பம்மக்கா விடவில்லை. மாமியார் இருட்டில் உட்கார்ந்திருக்கும்போதே கருமுடியைத் தொட்டாள். பக்கத்தில் அங்காத்தாள் நின்று பேசுகிற மாதிரியே கேட்டது:

"நீங்க சொன்னாச் சரிங்க அத்தை."

நல்லக்காள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். மருமகள் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவதற்குள் தன் உயிர் போய்விடும் என்று அவள் பந்தயமே கட்டியிருப்பாள். அப்படியே சாய்ந்து படுத்தாள். படுத்ததும் தூங்கிவிட்டாள்.

அங்காத்தாள் விளக்கோடு வந்து பார்த்தாள். துடைப்பத்தைப் பார்த்தாள். மாமியார் முகத்தைப் பார்த்தாள். துடைப்பத்தை எடுத்துக் கதவு மூலையில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். சாப்பிட வந்த ராக்கியண்ணன், "என்ன, உள்ள சத்தத்தையே காணோம்?" என்று பயந்துபோய்க் கேட்டான்.  தானே போட்டுச் சாப்பிட்டான்.

அந்த ராத்திரி முழுக்கத் தூசியை யாரும் தொடவில்லை. குஞ்சு நிதானமாகச் சுருண்டது; சுருண்ட சுருளில் வயிற்றுத் திருகாணி தலைக்கு வந்து சேர்ந்தது. நரைமுடியும் கருமுடியும் கட்டிப் பிடித்துக்கொண்டன. மீசை முடி நடுவில் மாட்டிக்கொண்டது. எனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் அதுவும் இருந்திருக்கும்.

விடிந்ததும் அங்காத்தாள் எழுந்து வந்தபோது, கூழ் கரைத்துத் தயாராக இருந்தது. நல்லக்காள் ஒரு சொம்பை நீட்டினாள்.

"குடி கண்ணு. நேத்து நீ சொன்னியே ஒரு வார்த்தை, அதுலயே எனக்கு வயிறு நெறஞ்சு போச்சு."

அங்காத்தாள் சொம்பை வாங்கிக் கொண்டாள். "நான் என்னங்க அத்தை சொன்னேன்? நீங்கதானுங்க சொன்னீங்க."

"நாஞ் சொன்னது கெடக்குது. நீ சொன்னியே, 'நீங்க சொன்னாச் சரிங்க அத்தை'ன்னு. வெளக்கு அணைஞ்சதும், எங் காதுக்கிட்ட நின்னு."

"வெளக்கு அணைஞ்சதும் நான் அடுப்படிக்குப் போயிட்டனுங்களே!"

கூழை வாயருகே கொண்டு போன அங்காத்தாள் நிறுத்தினாள். நேற்று கேட்காத தண்ணீர். அவிழாத மாடு. விழாமலே விழுந்த திருகாணி.

அப்போது கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. கிளுக்கென்று. அங்காத்தாளின் சிரிப்பு. ஆனால் அங்காத்தாள் சிரிக்கவில்லை.

சொம்பை வைத்துவிட்டுத் தலையை உள்ளே விட்டாள். எலுமிச்சை அளவில் ஒன்று, பளபளவென்று திருகாணியைத் தலையில் சூடிக்கொண்டு, உருளத் தெரிந்துவிட்ட சந்தோஷம் தாங்காமல் கட்டிலின் இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் உருண்டு கொண்டிருந்தது. அவளைக் கண்டதும் அதற்கு உற்சாகம் பொங்கிவிட்டது. "சொம்பு தண்ணி கொண்டா!" என்றது மீசைக் குரலில். "யாரும் அசையப்படாது!" என்றது தகர டப்பாக் குரலில். "நீங்க சொன்னாச் சரிங்க அத்தை!" என்றது அவள் குரலிலேயே. சுவரோரத்தில் பம்மக்கா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அங்காத்தாள் சிரித்தாள். தலை கட்டில் சட்டத்தில் ணங்கென்று இடித்தது. அப்போதும் சிரித்தாள். இதுதான் நான் சொன்ன சிரிப்பு, எடுத்துக்கொள்ளுங்கள்.

"என்னடி அங்க சிரிப்பு?" என்றாள் நல்லக்காள்.

"திருகாணி கெடைச்சிருச்சுங்க அத்தை."

"அது கெடக்கட்டும். நேத்து நீ அப்படிச் சொன்னியா, சொல்லலியா?"

அங்காத்தாள் தூசியைப் பார்த்தாள். கருமுடிக்குள் நரைமுடி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. பிரித்தால் இரண்டும் அறுந்துவிடும். திருகாணியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"சொன்னனுங்க அத்தை" என்றாள், இந்தத் தடவை தன் வாயாலேயே. பிறகு கட்டிலுக்கு அடியில் மெல்லக் கிசுகிசுத்தாள்: "இருந்துட்டுப் போ. ஆனா இனி வாயைத் தொறந்தீன்னா, கூட்டித் தள்ளிருவேன்."

அன்று முதல்தான் விளக்கு வைத்த வீட்டில் யாரும் துடைப்பத்தைத் தொடுவதில்லை. அன்று முதல்தான் தூசி உருண்டை, வீட்டில் இருப்பவர்கள் எல்லோரையும் தன் உடம்புக்குள் கட்டிப் பிடித்துக்கொண்டு, துடைப்பத்தைக் கண்டால் உருண்டோடி, என்ன கேட்டாலும் வாயைத் திறக்காமல் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறது.